கண்ணாடிப் பொட்டு

ஜூலை 8, செவ்வாய்

தங்கப்பழம் அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் இத்தனை வருஷமாக நான் பார்த்த வேலை ஃபிரேம் அறுப்பது, கண்ணாடி வெட்டுவது, ஆணி அடிப்பது. டிசைன் போட்டுக்கொண்டிருந்தவர் மதுரையில் பெரிய கடைக்குப் போய்விட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கடையைச் சுற்றிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை. "மகாலிங்கம், நீயே உக்காருப்பா" என்றார். அருப்புக்கோட்டைக்கு இப்படித்தான் ஒரு புது டிசைனர் கிடைத்தார்.

பன்னிரண்டாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்தவன் நான். மவுஸைப் பிடித்தால் உயிருள்ள எலியைப் பிடித்ததுபோல் கை உதறுகிறது. காலையில் படித்தது சாயங்காலம் மறந்துபோகிறது. அதனால் இந்த டைரி. அண்ணாச்சி பொங்கலுக்குக் கொடுத்தது, சமையலறையில் எண்ணெய் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. முதல் பத்துப் பக்கமும் எண்ணெய். எழுதினால் பேனா வழுக்குகிறது.

இன்று கற்றது: லேயர். கண்ணாடித் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒன்று வரைவது. கண்ணாடி வெட்டுகிறவனுக்கு இது புரிந்துவிட்டது. லேயரை ஒட்டிச் சேமித்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. இதை இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

இன்று பளபளப்பு. யூடியூபில் ஒரு தம்பி சொல்லிக் கொடுத்தான். வட்டம் போடு. அடியில் வெளிர் நிறம், மேலே அடர் நிறம், நடுவில் தெரியாமல் கலந்துவிடு. புது லேயர். மேல் இடது பக்கம் சின்னதாக ஒரு வெள்ளை முட்டை. அந்த வெள்ளை மேலிருந்து கீழே கரைந்து போகவேண்டும். கொஞ்சம் மங்கலாக்கு. அவ்வளவுதான், வட்டம் கண்ணாடிக் குண்டு ஆகிவிடும். வெளிச்சம் எப்போதும் மேல் இடது பக்கத்திலிருந்து வருவதாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். உலகத்தில் எல்லா டிசைனருக்கும் ஜன்னல் இடது பக்கம்தான் போலிருக்கிறது.

முதல் முயற்சியாக ஒரு திராட்சை செய்து மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

"என்னப்பா இது, ஈரலா?" என்று பதில் வந்தது.

மகன் பெயர் மாரீஸ்வரன். டிப்ளமோ. என் குடும்பத்திலேயே அதிகம் படித்தவன், அதிக உயரத்துக்குப் போனவனும் அவன்தான். சும்மா சொல்லவில்லை. குஜராத்தில் கட்ச் பக்கம் காற்றாலை கம்பெனியில் வேலை. பழுதானால் இவன்தான் உள்ளே ஏணி வழியாக உச்சிவரை ஏறுகிறான். நான் ஆணி அடிக்க ஸ்டூலில் ஏறினாலே என் மனைவி ஜோதிமணி ஸ்டூலைப் பிடித்துக்கொள்வாள். அவனை யார் பிடிக்கிறார்கள் என்று அவள் தினமும் கேட்கிறாள். "பெல்ட் பிடிக்கும்மா" என்பான்.

ஜூலை 12, சனி

ஆடி வருகிறது. கல்யாண பேனர் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆடி அமாவாசைக்குள் இறந்தவர் படத்தைப் புதுசாகப் போட்டு மாட்டவேண்டும் என்று கூட்டம் வருகிறது. அப்பா, மாமனார், சித்தப்பா என்று பழைய படங்களைப் பையில் கொண்டுவருகிறார்கள். நாங்கள் கம்ப்யூட்டரிலேயே மாலை போட்டு, நெற்றியில் குங்குமப் பொட்டு வைத்து, ஃபிரேம் செய்து கொடுக்கிறோம். கண்ணாடியில் நிஜக் குங்குமம் வைத்தால் உதிர்ந்துவிடுகிறது, டிசைன் பொட்டு உதிராது.

பழைய டிசைனர் விட்டுப்போன பொட்டு தட்டையாக, வெற்றிலை எச்சில் மாதிரி இருந்தது. கற்ற வித்தையை இதில் காட்டுவோம் என்று உட்கார்ந்தேன். அடர் சிவப்பு, அடியில் ஆரஞ்சு. வெள்ளை முட்டை போடும்போது கை வழுக்கி, அது சாய்ந்து, நுனி கூராகி, வேப்பிலை மாதிரி ஆகிவிட்டது. அழிக்கப் போனேன். அழிக்காமல் பார்த்தேன். அடடா. ஈரமாக, இப்போதுதான் யாரோ விரலால் வைத்துவிட்டுப் போனதுபோல் ஒரு பொட்டு.

நெற்றியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு முகம் வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் படத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று பயம். கையெட்டும் தூரத்தில் மாரீஸ் படம்தான் இருந்தது, கம்பெனி அடையாள அட்டைக்காக எடுத்தது. அதில் வைத்தேன். பொருந்திவிட்டது. நம்ம வீட்டு அகல நெற்றி, பொட்டுக்கென்றே ப்ளாட் போட்டது. சந்தோஷத்தில் லேயரை ஒட்டி, சேமித்துவிட்டேன்.

அண்ணாச்சி டீயோடு வந்து பின்னால் நின்றார். டீயை மேஜையில் வைத்தார்.

"யோவ். அது உன் மவன்ல?"

"ஆமாண்ணாச்சி. சும்மா டெஸ்டுக்கு."

"உசுரோட இருக்கிற புள்ள நெத்தியில கண்ணீர் அஞ்சலிப் பொட்டாய்யா வைப்ப? உனக்கு மூளை ஃபிரேமுக்குள்ள மாட்டிக்கிச்சா? எடுய்யா மொதல்ல!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிரித்துச் சமாளித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

கடை லீவு. தண்ணீர் மோட்டார் கழற்றி மாட்டினேன், ஒரு போல்ட் மிச்சம் வந்தது. மாரீஸ் போனை எடுக்கவில்லை. டவர் இருக்காது.

ஜூலை 14, திங்கள்

காலையில் முதல் வேலையாக அந்தப் பொட்டை அழித்தேன். ஒட்டிவிட்டதால் பிரிக்க வரவில்லை. பக்கத்துத் தோலை எடுத்து மேலே பூசிப் பூசி மறைத்தேன். சிவப்பு போய்விட்டது. வெள்ளை போகவில்லை. அந்த வேப்பிலை மட்டும் நெற்றியில் நிற்கிறது. அதன்மேல் தோலைப் பூசினால், பூசின தோலும் மினுங்குகிறது.

என் கைவேலை அப்படி. படத்தையே அழித்துவிட்டேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். விஷயம் முடிந்தது.

மாரீஸ் மத்தியானம் கூப்பிட்டான். நேற்றுப் பூராவும் உச்சியில் இருந்தானாம். "நான் நல்லாத்தான் இருக்கேன், ஏன்ப்பா பதிமூணு தடவை அடிச்சிருக்கீங்க?" என்றான். கை தெரியாமல் பட்டுவிட்டது என்றேன்.

ஜூலை 16, புதன்

மாரீஸ் ஒரு செல்ஃபி அனுப்பினான். காற்றாலை உச்சியில் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு நிற்கிறான், பின்னால் வெறும் வானம். நெற்றியில் ஒரு பளபளப்பு. வியர்வை. கட்ச் வெயில் என்றால் சும்மாவா.

அமாவாசை ஆர்டர் இன்னும் நிறைய பாக்கி.

ஜூலை 18, வெள்ளி

இன்னொரு செல்ஃபி. இதில் வெயில் வலது பக்கமிருந்து அடிக்கிறது. மூக்கின் நிழல் இடது கன்னத்தில் விழுந்திருக்கிறது, பக்கத்தில் நிற்கும் ஹிந்திக்காரப் பையனுக்கும் அப்படியே. அவன் நெற்றியில் பளபளப்பு வலது பக்கம். சரிதான். மாரீஸுக்கு மட்டும் மேல் இடது பக்கம். சாய்ந்து, நுனி கூராக.

கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். சும்மா ஒரு பொழுதுபோக்குக்கு, என்னுடைய பொட்டு ஃபைலிலிருந்து அந்த வெள்ளையை மட்டும் எடுத்து, அளவைச் சரிசெய்து, இவன் நெற்றிமேல் வைத்தேன். டப்பாவுக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்தது.

கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். பழைய கம்ப்யூட்டர். அதற்கும் வயசாகிறது.

ஜூலை 19, சனி

ஒன்றும் விசேஷம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, கத்தரிக்காய் காறல்.

ஜூலை 20, ஞாயிறு

வீடியோ காலில் மாரீஸ். ஜோதிமணி போனைப் பிடித்துக்கொண்டாள். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். தங்குமிடம், ட்யூப்லைட், மின்விசிறி ஓடுகிறது. வியர்வைக்கு வழியே இல்லை.

"ஏலே, நெத்தியில என்னடா? தண்ணி சொட்டா?" என்றாள்.

"எங்கம்மா?" என்று துடைத்தான். கை போய்த் திரும்பியது. அது அங்கேயே இருந்தது. முன்னைவிட வெளுப்பாக. "ஒண்ணுமில்லியே."

"எண்ணெய் வழியுது. சோப்பு போடு. ஆமா, பெல்ட் போட்டுத்தான ஏறுற?"

"போட்டுத்தாம்மா. நேத்து ஒரு வேடிக்கை, பெல்ட் போட்டேன், ஹூக்க மாட்ட மறந்துட்டேன். பாதி ஏணி ஏறினப்புறம்தான் பாத்தேன். மறந்ததே இல்ல இதுவரைக்கும்."

அவன் சிரித்தான். ஜோதி திட்டினாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, திட்டும் வரவில்லை.

"அமாவாசைக்கு வீட்டுக்கு வாடா" என்றேன்.

"காத்து சீசன்ப்பா. ஒரு மெஷின் நின்னாலும் மேனேஜர் ஆடிருவான். லீவெல்லாம் கிடையாது."

"உடம்பு சரியில்லன்னு சொல்லு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உங்களுக்கு என்னப்பா, கல்லு மாதிரி இருக்கீங்க" என்றான். ஜோதி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜூலை 22, செவ்வாய்

அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். படங்களைக் காட்டினேன். சிரிப்பார், திட்டுவார், மனசு லேசாகும் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். பிறகு கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"எங்கய்யா காலத்துல கண்ணாடியில கையாலதான் பொட்டு வைப்போம். ஆள் மாத்தி வச்சிரக்கூடாதுன்னு பேரைக் கேட்டுட்டுத்தான் வைப்பாரு" என்றார்.

"மாத்தி வச்சிட்டா?"

"வச்ச பொட்டு வீணாப் போகாதும்பாரு. அழிச்சா போகாது. வேற யாராச்சும் வாங்கிக்கிட்டாத்தான் போகும்." பிறகு சத்தம்போட்டுச் சிரித்தார். "கெழவன் கதைய்யா. போய் அந்த ராமசாமி நாயக்கர் ஆர்டருக்கு மாலையப் போடு."

அவருக்கு வாய் நிற்காது. வீட்டுக்காரம்மாவிடம் சொல்லாமல் இருந்தால் சரி. அந்தம்மாவும் ஜோதியும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள்.

ஜூலை 23, புதன்

இன்று ஓவர்டைம். கடைசி ஆர்டர் முடிந்ததும் ஒரு சொந்த வேலை பார்த்தேன்.

என்னிடம் நல்ல படமே கிடையாது. ரேஷன் அட்டையில் ஆடு திருடினவன் மாதிரி இருக்கிறேன். ஓட்டர் அட்டையில் திருடப்பட்ட ஆடு மாதிரி. அண்ணாச்சி மகள் சடங்கில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது, வாயில் வடை இருந்தது, வாயை மூடித் திருத்தினேன். முடியைக் கொஞ்சம் கறுப்பாக்கினேன். யாருக்கோ செய்கிறோம், இவருக்குச் செய்தால் என்ன?

பொட்டைப் புதுசாகப் போட்டேன். இதுவரை செய்ததிலேயே இதுதான் திருத்தமாக வந்தது. வெள்ளை இலையை அதே சாய்வில், அதே நுனியோடு. நடுநெற்றியில் வைத்தேன். மாலை போடவில்லை, அது கொஞ்சம் அதிகப்படி. பேரைக் கேட்டுவிட்டுத்தான் வைக்கவேண்டுமாம். "பேரு?" என்று கேட்டேன். "சுந்தரமகாலிங்கம்" என்று சொன்னேன். கடையில் வேறு யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

லேயரை ஒட்டி, சேமித்தேன். ஃபைலின் பெயர்: டெஸ்ட்.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

கடையில் காலையிலிருந்து கூட்டம். எல்லோரும் படத்தைப் பார்த்து, "அப்பா உசுரோட உக்காந்திருக்க மாதிரி இருக்கு" என்கிறார்கள். பொட்டைத்தான் சொல்கிறார்கள். யாராவது பாராட்டினால் நான் பில் போடத் திரும்பிக்கொள்கிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் எங்கள் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. நானே ஃபிரேம் போட்டது, அதனால் சற்றுக் கோணல். அதை நிமிர்த்தப் போனேன். கீழ்ச்சட்டத்தில் சிவப்பாகத் தூள் உதிர்ந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு மேல் குங்குமம். மாப்பிள்ளை நெற்றியில் இல்லை. பெண் நெற்றியில்.

"ஜோதி, இது என்ன?"

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "எது?"

"படத்துல."

"தூசி தட்டுனேன். கையில குங்குமம் இருந்திருக்கும்."

"தூசி தட்டுன கை, சரியா உன் நெத்தியிலதான் தட்டுச்சாக்கும்?"

கரண்டியோடு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. "அண்ணாச்சி வீட்டக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீங்க அங்க பொட்டி முன்னாடி உக்காந்து எம்புள்ள நெத்தியில வச்சிட்டு வருவீங்க, நான் சும்மா இருக்கணுமா?"

"அதுக்காக? நீ வச்சா ஆச்சா? அழிடி மொதல்ல."

"அழிச்சா போகாதாமே. உங்க அண்ணாச்சிதான சொன்னாரு." கொஞ்சம் நிறுத்தி, என் முகத்தையே பார்த்தாள். "நீங்க ஒண்ணும் பண்ணலியே?"

"நானா? நான் என்னத்தப் பண்ண?"

"நேத்து எதுக்கு ஓவர்டைம்?"

"ராமசாமி நாயக்கருக்கு மாலை போட்டேன்."

"சத்தியமா?"

"சோத்தப் போடு. பசிக்குது."

அவள் போடவில்லை. நானும் உட்காரவில்லை. யார் முதலில் வைத்தது, யாருடையது செல்லும் என்று கூட்டுறவு சங்கத்தில் வரிசைக்குச் சண்டை போடுகிறவர்கள் மாதிரி நின்றோம். அப்போது போன் அடித்தது. மாரீஸ் நம்பர். இரண்டு பேரும் எடுக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அவள்தான் எடுத்தாள்.

"அம்மா, பயப்படாத. நான் நல்லாயிருக்கேன்" என்றான். காலையில் இறங்கும்போது ஏணிப்படி ஒன்று பெயர்ந்துவிட்டதாம். ஹூக் கம்பியில் பிடித்துக்கொண்டது. அப்படியே தொங்கியிருக்கிறான், மேலேயிருந்து ஆள் வந்து இழுக்கும்வரை. தோள் இறங்கியிருக்கிறது, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுவிட்டார்கள். வேறு அடி இல்லை. "மேனேஜரே லீவு குடுத்துட்டான்மா. சனிக்கிழமை ரயில் ஏறுறேன்."

ஜோதி தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "பாத்தியா, பெல்ட் பிடிக்கும்னான்ல" என்றேன். வேறென்ன சொல்வது?

ஜூலை 26, சனி

ரயிலிலிருந்து செல்ஃபி வந்தது. கையில் கட்டு, முகத்தில் மூன்று நாள் தாடி. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறான், வெளிச்சம் முகத்தில் நேராக அடிக்கிறது. நெற்றியில் ஒன்றுமில்லை. சுத்தம். எங்கள் கடையில் படத்தை இரண்டு மாதிரி அச்சடிப்போம், பளபளப்பாக ஒன்று, மங்கலாக ஒன்று. என் மகன் மங்கல்.

இப்படி ஒரு நல்ல படத்தை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. பெரிதாக்கி, பெரிதாக்கி, கட்டம் கட்டமாகத் தெரியும்வரை பார்த்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

மாரீஸ் வந்துவிட்டான். ஆட்டுக்கறி. இடது கையால் சாப்பிடத் திணறினான், ஜோதி ஊட்டினாள். மீசை வைத்த ஆளுக்கு ஊட்டுவதை எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜூலை 31, வியாழன்

விபூதி பூச ஆரம்பித்திருக்கிறேன். நெற்றி நிறைய மூன்று பட்டை. சைனஸுக்கு நல்லதாம். சாமி கும்பிடாத ஆள் என்று அண்ணாச்சி கிண்டல் செய்தார். சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவர், சட்டென்று பில் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கையில்தான் இருந்தது.

சவரக் கண்ணாடியைப் பரணில் தூக்கிப் போட்டேன். ரசம் போய்விட்டது. மேல் இடது பக்கம் ஏதோ வெளிச்சம் அடிக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஜோதி இருபத்து மூன்று வருஷமாகக் குளித்துவிட்டு வெறும் நெற்றியோடு கூடத்துக்கு வந்து, அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைப்பாள். அந்த நேரத்தில் நான் பேப்பர் படிப்பேன். படிப்பதுபோல் பார்ப்பேன். அவளுக்கும் தெரியும்.

இப்போது நாலைந்து நாளாக, குளியலறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வருகிறாள். கடுகளவு பொட்டு வைத்தவள், இப்போது பழைய ஒரு ரூபாய் அளவுக்குக் குங்குமம் அப்புகிறாள். "என்ன, அம்மன் வந்திருக்கா?" என்றேன். "ஆடி வெள்ளி" என்றாள். நேற்று வெள்ளி இல்லை. முந்தாநாளும் இல்லை.

நான் கேட்கவில்லை. என் பட்டையைப் பற்றி அவளும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

தேங்காய்ச் சாதம், புளிச் சாதம், மாங்காய் ஊறுகாய். மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்தோம். மாரீஸுக்குத் தோள் பரவாயில்லை. கம்பெனியில் இனிமேல் தரையில் மானிட்டர் பார்க்கிற வேலை கேட்டிருக்கிறான், கொடுப்பார்கள் போலிருக்கிறது. ஜோதி அதைக் கேட்டு இன்னொரு கரண்டி வைத்தாள்.

"இருங்க, ஒரு படம் எடுப்போம். பசங்க கேட்டானுவ" என்று போனை நீட்டிப் பிடித்தான். பிடித்துவிட்டு, திரையைப் பார்த்துச் சிரித்தான். "என்னப்பா, ரெண்டு பேரும் திடீர்னு சாமியாராயிட்டீங்க? பட்டையக் கொஞ்சம் தொடைங்க, முகமே தெரியல."

"சைனஸ்டா" என்றேன்.

"அம்மா, நீயாவது. அது பொட்டா, ஸ்டாப் போர்டா? அழிச்சிட்டு பழைய மாதிரி சின்னதா வையேன்."

"உங்கப்பா உக்காந்திருக்கும்போது பொட்ட அழிக்கச் சொல்றியாடா, கூறுகெட்டவனே!" என்று ஜோதி அவன் தலையில் தட்டினாள்.

தட்டிவிட்டு, சிரித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே. நானும் அவளுக்கு அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டைக்குள்ளிருந்து அவளுக்கு எவ்வளவு தெரிகிறதோ தெரியாது. எனக்குக் குங்குமம் மட்டும்தான் தெரிந்தது. ஆனால் அது ஈரமாக இருந்தது, இப்போதுதான் யாரோ விரலால் வைத்துவிட்டுப் போனதுபோல்.

"எடுடா, சோறு ஆறுது" என்றேன்.

எடுத்தான். எடுத்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "போச்சு. நான் மட்டுந்தான் நல்லா விழுந்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் கண்ண மூடிட்டீங்க. இருங்க, இன்னொண்ணு."

"போதும்டா" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.